போலோனியாவின் பழைய நகர்ப்பகுதியில் மொட்டை மாடியுடன் ஒரு சூட்: எடுக்கலாமா?

பயணப்பை எழுதியது:

வணக்கம். வரும் செப்டம்பர் கடைசி வாரத்தில் நான், என் கணவர், 72 வயதான என் மாமியார், 6 வயது மகள் ஆகிய நால்வரும் இத்தாலியின் போலோனியா நகரில் 5 இரவுகள் தங்கத் திட்டமிட்டிருக்கிறோம். விரைவு ரயிலில் ஏறினால் 40 நிமிடத்துக்குள் ஃபுளோரன்ஸுக்குப் போய்விடலாம் என்பதும், அந்நகரின் நெரிசல் இங்கே இல்லை என்பதும் இவ்வூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள்.

தங்குமிடத்தில்தான் முடிவுக்கு வர இயலவில்லை. பியாட்சா மஜோரே சதுக்கத்துக்கு அருகில், பழைய மாளிகை ஒன்றின் 3ஆம் மாடியில், ‘சொந்த மொட்டை மாடியுடன் கூடிய சூட்’ என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. எலுமிச்சைத் தொட்டிகள், இரும்பு மேசை, பின்னணியில் நகரின் இரட்டைக் கோபுரங்கள் என்று படங்கள் மனத்தை இழுக்கின்றன. அதே பகுதியில் விடுதி ஒன்றில் இரண்டு அறைகள் எடுத்தால் ஆகும் தொகையைவிட இதன் வாடகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம். மாலை நேரத்தில் திறந்த வெளியில் சிறிது நேரமாவது உட்காராவிட்டால் என் மாமியாருக்கு இருப்புக்கொள்ளாது. அவருக்காகவே இதை எடுக்கலாம் என்று நினைக்கிறேன். கணவரோ, “ஊர் பார்க்கப் போகிறோமா, மாடியில் உட்காரப் போகிறோமா?” என்கிறார்.

விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுக்கும் எண்ணமும் உண்டு. இத்தகைய இடங்களில் தங்கிய அனுபவம் உள்ளவர்கள், பணம் கட்டுவதற்கு முன் உரிமையாளரிடம் எவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

செங்கல்நிறம் எழுதியது:

வணக்கம். அந்நகரில் இரண்டு ஆண்டுகள் குடியிருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். விளம்பரத்தில் இருப்பதைவிட அதில் இல்லாததை முதலில் கவனியுங்கள். லிஃப்ட் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால், லிஃப்ட் இல்லை என்றே வைத்துக்கொண்டு மேலே யோசிக்க வேண்டும்.

தரைத்தளத்துக்கு மேலிருப்பதே முதல் மாடி என்று எண்ணும் வழக்கம் அங்கும் நம்முடையது போன்றதே. ஆனால் பழைய மாளிகைகளில் அந்த எண்ணிக்கையை நம்பிப் படிகளைக் கணக்கிட முடியாது. தெருவை ஒட்டிய தாழ்வாரத்தின் உயரம், அதற்கு மேல் சில கட்டடங்களில் கணக்கில் சேராத ஓர் இடைத்தளம், அதற்கும் மேல் செல்வர்கள் விருந்தினரை வரவேற்பதற்காக மிக உயரமான கூரையுடன் கட்டிய பிரதானத் தளம் ஆகிய எல்லாவற்றையும் கடந்த பிறகே நீங்கள் சொல்லும் 3ஆம் மாடி வரும். நாங்கள் குடியிருந்த 3ஆம் மாடிக்கு 84 படிகள். முதல் வாரத்தில் எண்ணியது இன்னும் மறக்கவில்லை. ஆகவே எத்தனையாவது மாடி என்று கேட்காமல், தெருக்கதவிலிருந்து வீட்டுக்கதவு வரை எத்தனை படிகள், அவற்றுக்குக் கைப்பிடி உண்டா என்று கேளுங்கள்.

அடுத்தது அந்த மொட்டை மாடி. நாம் ஒரே சொல்லில் அடக்குவதை இத்தாலியர்கள் பிரித்துச் சொல்வார்கள். வீட்டின் தளத்தோடு சமமாக, கதவைத் திறந்தால் காலை வைக்கும்படி அமைந்த அகலமான திறந்தவெளி ‘தெர்ராட்சா’. ஒருவர் நாற்காலி போட்டால் இன்னொருவர் நிற்க வேண்டியிருக்கும் சிறிய நீட்சி ‘பல்கோனே’. கூரை ஓடுகளுக்கு மேலே தூக்கிக் கட்டிய மேடை ‘அல்தானா’. போலோனியாவில் அல்தானாக்கள் நிறைய உண்டு. கோபுரங்கள் முழுமையாகத் தெரியும் படங்கள் பெரும்பாலும் அங்கிருந்து எடுக்கப்பட்டவையாகவே இருக்கும். ஆனால் அல்தானாவுக்கு வீட்டுக்குள்ளிருந்து ஒரு குறுகிய சுழல்படியிலோ ஏணி போன்ற மரப்படியிலோதான் ஏற வேண்டியிருக்கும். 72 வயதில் தினமும் மாலை அதில் ஏறி இறங்குவது எளிதன்று. கையில் தேநீர்க் கோப்பையோடு ஏறுவது யாருக்குமே எளிதன்று.

கைப்பிடிச் சுவரையும் மறந்துவிட வேண்டாம். மாடிகளின் தடுப்பு குறைந்தது 100 செ.மீ. உயரம் இருக்க வேண்டும், 10 செ.மீ. விட்டமுள்ள உருண்டை அதன் இடைவெளியில் நுழையக் கூடாது என்று 1989ஆம் ஆண்டு அமைச்சக ஆணை ஒன்று சொல்கிறது. அதற்கு நூற்றாண்டுகள் முந்தைய கட்டடத்தின் தடுப்பு அந்த அளவில் இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. 6 வயதுக் குழந்தை வருகிறாள் என்று சொல்லி, அளவு நாடாவை வைத்து எடுத்த படம் ஒன்றைக் கேட்பதில் தவறே இல்லை.

திசையையும் கேளுங்கள். தென்மேற்கு நோக்கிய மாடியென்றால் குன்றின் மீது சான் லூக்கா தேவாலயம் தெரியும். 666 வளைவுகளும் ஏறத்தாழ 3.8 கி.மீ. நீளமும் கொண்ட தூண்வரிசை ஒன்று நகர வாயிலிலிருந்து அதுவரை ஏறிச் செல்கிறது. அத்தகைய மாடியில் ஜூலையிலும் ஆகஸ்டிலும் பொழுது சாயும் வரை நிற்க முடியாது. செங்கல்லும் ஓடும் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை இரவில் கக்கும். நீங்கள் போகும் செப்டம்பர் இறுதியில் அந்தத் தொல்லை இராது. 7 மணி அளவில் சூரியன் மறையும். அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் ஊர் முழுவதும் செம்மண் நிறத்தில் ஒளிரும். அந்நகருக்குச் ‘சிவப்பு’ என்றொரு பட்டப்பெயர் இருப்பதன் காரணம் அப்போது கண்ணுக்குப் புரியும்.

‘சூட்’ என்ற சொல்லுக்கு இத்தகைய விளம்பரங்களில் நிலையான பொருள் கிடையாது. திரைச்சீலையால் பிரித்த ஒற்றை அறையும் சூட்தான். ‘மோனோலொகாலே’ என்றால் ஒரே அறை; ‘பிலொகாலே’ என்றால் கூடமும் ஒரு படுக்கையறையும்; ‘த்ரிலொகாலே’ என்றால் இரண்டு படுக்கையறைகள். இம்மூன்றில் எது என்று கேட்டால் ஒரே சொல்லில் உண்மை வெளிவந்துவிடும். நால்வருக்கு, அதிலும் மாமியாருக்குத் தனிக் கதவு வேண்டுமென்றால், மூன்றாவது வகைதான் பொருந்தும்.

நடையன் எழுதியது:

காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: எடுக்காதீர்கள். பழைய நகர்ப்பகுதியின் பெரும்பகுதி போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மண்டலம். வாயில்தோறும் ‘சிரியோ’ என்று பெயரிட்ட கேமராக்கள் எண்பலகையைப் படித்துவிடும். விளக்குப் பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, வழி திறந்திருக்கிறது என்று நினைத்து நுழைந்தவன் நான். கட்டுப்பாடு இப்போது நடைமுறையில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். நுழையக் கூடாது! அபராதக் கடிதம் பல மாதங்கள் கழித்து வீடு தேடி வந்தது. அதற்கு முன்பே, என் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கான கட்டணத்தை வாடகைக் கார் நிறுவனம் என் அட்டையிலிருந்து தனியாக எடுத்துக்கொண்டிருந்தது. தங்குமிடத்தார் உங்கள் வண்டி எண்ணை முன்கூட்டியே பதிவு செய்து தர முடியும் என்றாலும், வண்டியை நிறுத்த இடம் தேடும் பாடு அதோடு தீராது.

விமான நிலையத்திலிருந்து மத்திய ரயில் நிலையத்துக்கு மார்கோனி எக்ஸ்பிரஸ் என்ற ஒற்றைத்தண்டவாள வண்டி 2020 முதல் ஓடுகிறது. ஏழெட்டு நிமிடப் பயணம். நால்வரும் பெட்டிகளும் என்றால் டாக்சியே மேல். அது வீட்டு வாசல்வரை வரும். சனி, ஞாயிறுகளில் இந்திப்பெந்தென்ட்சா, உகோ பாஸ்ஸி, ரிட்சோலி ஆகிய மூன்று முக்கியத் தெருக்களும் நடப்பவர்களுக்கே உரியவை. டாக்சியும் அவற்றில் நுழையாது என்பதால், வார இறுதியில் போய்ச் சேர்வதாக இருந்தால் எந்த முனையில் இறங்குவது என்பதை உரிமையாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்தாலும் கவலையில்லை. புதிதாகக் கட்டும் வீடுகளுக்கெல்லாம் தெருவோரத் தாழ்வாரம் வேண்டும் என்று 1288ஆம் ஆண்டிலேயே அந்நகரம் சட்டம் இயற்றிவிட்டது. இன்று அவற்றின் மொத்த நீளம் 62 கி.மீ.; 2021இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டன. ரயில் நிலையத்திலிருந்து சதுக்கம் வரை பெரும்பாலும் குடை விரிக்காமலேயே சக்கரப் பெட்டியை உருட்டிச் செல்லலாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வாடகை மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்றீர்கள். அதற்கு மாடி மட்டும் காரணமாக இருக்காது. செப்டம்பர் கடைசி வாரத்தில்தான் ‘செர்சாயே’ என்னும் பீங்கான் ஓடுகளுக்கான சர்வதேசக் கண்காட்சி அந்நகரில் நடைபெறுவது வழக்கம். அவ்வாரத்தில் வணிகர்கள் வந்து குவிவதால் ஊர் முழுவதும் அறை வாடகை ஏறிவிடும். அதே வீட்டின் வாடகையைக் கண்காட்சி முடிந்த பிறகு வரும் நாட்களுக்குப் போட்டுப் பாருங்கள். மாடியின் உண்மையான விலை அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது செய்தி, பதிவு எண். 2025 ஜனவரி 1 முதல் இத்தாலியில் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் எந்த வீட்டுக்கும் சி.ஐ.என். எனப்படும் தேசிய அடையாளக் குறியீடு கட்டாயம். அது விளம்பரத்திலும் இருக்க வேண்டும், கட்டட வாசலிலும் இருக்க வேண்டும். ஐ, டி என்ற இரண்டு ரோமன் எழுத்துகளில் தொடங்கி, அடுத்து ஊரின் புள்ளிவிவர எண் வரும். போலோனியா மாநகராட்சிக்கு அது 037006. வேறு எண் இருந்தால் வீடு பக்கத்து ஊராட்சியில் இருக்கிறது என்று பொருள். குறியீடே இல்லாவிட்டால், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் விலகிவிடுங்கள்; விசா விண்ணப்பத்தில் தங்குமிடச் சான்றாகக் காட்டப் போவது இந்த முகவரியைத்தான்.

நகராட்சியின் தங்கல் வரி ஆளுக்கு இத்தனை, இரவுக்கு இத்தனை என்று தனியே வசூலிக்கப்படும். விளம்பர விலையில் பெரும்பாலும் சேராது. கடவுச்சீட்டைக் கேட்டால் தயங்க வேண்டாம். வந்த 24 மணி நேரத்துக்குள் விருந்தினரின் விவரங்களைக் காவல்துறையின் இணையதளத்தில் ஏற்றுவது உரிமையாளரின் சட்டக் கடமை.

ஜன்னலோரம் எழுதியது:

மேலே எழுதியவர்கள் அனைவரும் எப்படி எடுப்பது என்று சொல்லிவிட்டார்கள். எடுக்காமல் இருப்பதற்கும் காரணங்கள் உண்டு என்பதற்காக இதை எழுதுகிறேன். சென்ற ஆண்டு ஜூன் மாதம் அதே பகுதியில் இத்தகைய ஒரு வீட்டில் 4 இரவுகள் தங்கினோம். அந்த மாடியில் நாங்கள் செலவிட்ட நேரத்தைக் கூட்டினால் 3 மணி நேரம் தேறாது.

பகலில் வெயில், மாலையில் கொசு. உடலில் வெள்ளைக் கோடுகள் கொண்ட புலிக்கொசு அந்த மாநிலத்தில் நன்றாக வேரூன்றிவிட்டது. 2007இல் ஐரோப்பாவின் முதல் சிக்குன்குனியா பரவல் ஏற்பட்டதே அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ராவென்னா மாவட்டத்துக் கிராமங்களில்தான். அது பகலிலேயே கடிக்கும், செப்டம்பரிலும் இருக்கும். எலுமிச்சைத் தொட்டிகளுக்கு அடியில் தண்ணீர் தேங்கும் தட்டுகள் இருக்கின்றனவா என்று படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள்.

பிறகு ஓசை. நாங்கள் தங்கிய இடம் பல்கலைக்கழகத் தெருவான சம்போனிக்கு அருகில் இருந்தது. தாழ்வாரத்தின் வளைவுக் கூரை, அடியில் பேசும் மாணவர்களின் குரலை ஒலிபெருக்கி போல மேலே அனுப்பும். வெர்தி சதுக்கத்தைச் சுற்றியும் ப்ரத்தெல்லோ தெருவிலும் இதே நிலைதான். நாங்கள் மாடியில் இரவு 11 மணிக்கு மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்ததற்கோ கீழ்வீட்டுப் பெரியவர் வந்து கதவைத் தட்டினார். குற்றம் அவருடையதன்று, அந்தக் குடியிருப்பின் விதிப்படி இரவில் மாடியைப் பயன்படுத்தக் கூடாதாம், உரிமையாளர் அதை எங்களிடம் சொல்லவே இல்லை.

இன்னொன்று மின்சாரம். இத்தாலிய வீடுகளில் பெரும்பாலும் 3 கிலோவாட் இணைப்புதான். ஏசி ஓடும்போது மின்அடுப்பையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் போட்டால் எல்லாம் அணைந்துவிடும். எங்கள் வீட்டின் மின்மானி தரைத்தளத்தில் ஒரு பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. இருட்டில் கைப்பேசி வெளிச்சத்தில் மூன்று மாடி இறங்கினேன். அதன் பிறகு விடுதி அறையின் மீது எனக்குத் தனி மரியாதையே வந்துவிட்டது.

பயணப்பை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. உங்கள் கேள்விகளையெல்லாம் தொகுத்து உரிமையாளருக்கு அனுப்பினேன். அவர் ஒளிவுமறைவின்றிப் பதில் தந்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். லிஃப்ட் உண்டு, ஆனால் 2ஆம் மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் 26 படிகள். மொட்டை மாடி என்பது செங்கல்நிறம் அவர்கள் ஊகித்தபடி அல்தானாதான். சமையலறையிலிருந்து 17 படிகள் கொண்ட இரும்புச் சுழல்படியில் ஏற வேண்டும். தடுப்பின் உயரம் 88 செ.மீ. வீடு பிலொகாலே, கூடத்தில் விரித்துப் போடும் சோபாவில் இருவர் படுக்கலாம். பதிவு எண் சரியாக இருக்கிறது. நாட்களை அக்டோபர் முதல் வாரத்துக்கு மாற்றினால் வாடகை கணிசமாகக் குறைகிறது; கணக்குப்பிள்ளை அவர்கள் சொன்னது அப்படியே நடந்தது.

கோபுரங்கள் தெரியும் என்ற ஒன்றுக்காக மனம் இன்னும் அங்கேயே நிற்கிறது. என்ன செய்யலாம்?

செங்கல்நிறம் எழுதியது:

இந்த வீடு உங்கள் கணவருக்கும் உங்களுக்கும் மட்டும் என்றால், உடனே எடுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் யாருக்காக மாடி வேண்டும் என்று நினைத்தீர்களோ அவரால் அங்கே ஏற முடியாது. ஏற முடிந்த குழந்தையை 88 செ.மீ. தடுப்பை நம்பித் தனியே விட முடியாது. ஆக, நீங்கள் இருவரும் முறைவைத்துக் காவல் காப்பதற்காகக் கூடுதல் வாடகை கொடுப்பதாக ஆகிவிடும்.

கோபுரங்களைப் பற்றிய ஏக்கத்துக்கு ஒரு வார்த்தை. அசினெல்லி கோபுரம் 97 மீட்டர் உயரம். ஊரில் எந்த மூலையில் தலையைத் தூக்கினாலும் அது கண்ணில் படும். பக்கத்தில் சாய்ந்து நிற்கும் 48 மீட்டர் கரிசெந்தாவின் அசைவுகள் கவலை தருவதாக இருந்ததால், 2023 அக்டோபரில் அதைச் சுற்றிய பகுதி அடைக்கப்பட்டு, காப்புப் பணிகள் தொடங்கின. படங்களில் காணும் காட்சி அதற்கு முந்தையதாகவும் இருக்கலாம். உயரத்திலிருந்து ஒருமுறை ஊரைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், சதுக்கத்தில் உள்ள அக்கூர்சியோ அரண்மனையின் மணிக்கூண்டுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு நீங்களும் கணவரும் ஏறிவிட்டு வாருங்கள்.

மாமியாருக்கு வேண்டியது காட்சி அன்று, காற்றும் வெளிச்சமும் ஒரு நாற்காலியும்தான் என்றால், தேடலை மாற்றிப் பாருங்கள். தெருவிலிருந்து பார்த்தால் வெறும் செங்கல் சுவராகத் தெரியும் போலோனியா மாளிகைகள் பலவற்றுக்குள்ளே முற்றமும் தோட்டமும் மறைந்திருக்கும். அந்த உள்முற்றத்தைப் பார்த்தபடி, பின்கட்டின் கூரை மீது, முதல் மாடியின் தளத்தோடு சமமாக அமைந்த தெர்ராட்சாக்கள் உண்டு. கோபுரம் தெரியாததால் வாடகையும் அவ்வளவு ஏறாது. ஜன்னலோரம் அவர்கள் பட்ட தெரு இரைச்சலும் அங்கே எட்டாது. ‘உள்முற்றம் நோக்கிய, தளத்தோடு சமமான தெர்ராட்சா, லிஃப்ட் உண்டு’ என்று இத்தாலிய மொழியிலேயே எழுதித் தேடினால் நல்ல வீடுகள் கிடைக்கும்.

ஜன்னலோரம் எழுதியது:

முற்றத்தை ஒட்டிய மாடி என்றால் என் மறுப்பில் பாதியை விலக்கிக்கொள்கிறேன். கொசுவைப் பற்றிய பாதி அப்படியே இருக்கட்டும்.

பயணப்பை எழுதியது:

மூன்று நாள் தேடலுக்குப் பிறகு, சான் பெத்ரோனியோ பேராலயத்துக்குத் தெற்கே ஓர் இடத்தைப் பதிவு செய்துவிட்டோம். முதல் மாடி, லிஃப்ட், இரண்டு படுக்கையறைகள், கூடத்திலிருந்து ஒரே ஒரு படி இறங்கினால் தெர்ராட்சா. தடுப்புக்குப் பதில் மார்பளவு செங்கல் சுவர். முற்றத்தில் ஓர் அத்திமரம். கோபுரம் தெரியாது. அக்டோபர் 2 முதல் 7 வரை தங்குகிறோம். கடைசியாக ஒரு கேள்வி: அந்த நாட்களில் மாலையில் வெளியே உட்காரும் அளவுக்குச் சூடு இருக்குமா? வீட்டுக்குள் வெப்பமூட்டி வேலை செய்யுமா?

செங்கல்நிறம் எழுதியது:

பகலில் மெல்லிய சட்டை போதும். சூரியன் மறைந்ததும் மாமியாருக்குக் கம்பளிச் சால்வை வேண்டும். சட்டத்தின் வெப்ப மண்டலப் பிரிவில் போலோனியா ‘இ’ பிரிவைச் சேர்ந்தது என்பதால், கட்டடத்தின் பொது வெப்பமூட்டியை அக்டோபர் 15க்கு முன் போட மாட்டார்கள். படுக்கையறையில் இருக்கும் ஏசி சூடான காற்றையும் தருமா என்று உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் கூடுதல் கம்பளி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அக்டோபர் 4 நகரத்தின் காவல் புனிதரான பெத்ரோனியோவின் திருநாள். அன்று பேராலயத்து மணிகளை, அவ்வூருக்கே உரிய முறையில், ஆட்கள் குழுவாகக் கோபுரத்தில் ஏறிக் கையால் ஆட்டி ஒலிப்பார்கள். நீங்கள் சொல்லும் இடத்துக்கு அது மிக அருகில் கேட்கும். அன்றைக்கு ஃபுளோரன்ஸ் பயணத்தை வைத்துக்கொள்ளாமல், நாற்காலியைத் தெர்ராட்சாவில் போட்டு வையுங்கள். கடைகள் பல மூடியிருக்கும். பாலும் ரொட்டியும் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.